தரையில் தெரியும் கை: பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் புடைப்புச் செதுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் உருவான இரட்டைக்குழல் ஷாட்கன்களை, அதாவது ஒரே வெடிப்பில் ஈயச் சிறுகுண்டுகள் பலவற்றைச் சிதறவிடும் வேட்டைத் துப்பாக்கிகளை, ஆராயப் புகுபவர் முதலில் எஃகின் மேல் நிகழ்ந்த இருவகை வேலைகளைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. கூர் உளியால் கோடு கிழித்து, நெருக்கமான நிழற்கோடுகளால் மட்டுமே திரட்சி காட்டுவது ஒரு வகை. கொடிக்கும் இலைக்கும் சுற்றியுள்ள உலோகத்தை வெட்டியெடுத்துத் தரையைத் தாழ்த்தி, உருவத்தை உண்மையாகவே எழுந்து நிற்கச் செய்வது இரண்டாம் வகை. இவற்றுள் இரண்டாவதே புடைப்புச் செதுக்கு. பர்டி நிறுவனத்தின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ரோஜாவும் நுண்சுருளும் முதல் வகையைச் சேர்ந்தவை. ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் 'ராயல்' துப்பாக்கியில் காணப்படும் அகன்ற இலைச்சுருள், ஆழ்ந்த வெட்டினால் புடைப்பின் திசையில் நகர்கிறது. முழுப் புடைப்பிலும்கூட உயரம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது என்பதும், அந்தச் சிறு இடைவெளிக்குள் இலை மடிந்து, திரும்பி, மற்றோர் இலையின் அடியில் நுழைந்து மறைகிறது என்பதும் கல்லில் புடைப்புச் சிற்பம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எளிதில் நம்ப முடியாதவை.

பர்மிங்ஹாமில் பிரைஸ் தெரு, லவ்டே தெரு ஆகியவற்றைச் சுற்றி அமைந்த துப்பாக்கித் தொழிலாளர் பகுதியில் குழல் செய்பவர், பூட்டு செய்பவர், மரக்கட்டை பொருத்துபவர், செதுக்குபவர் என வேலை பலராகப் பிரிந்திருந்தது. செதுக்குபவரிடம் துப்பாக்கி வந்து சேரும்போது அதன் எஃகுப் பகுதிகள் அரத்தால் இழைக்கப்பட்டு, இன்னும் கடினமாக்கப்படாமல், வெளிறிய நிறத்தில் இருக்கும். தொழிலாளர்கள் இந்நிலையை 'வெள்ளையில்' இருப்பதாகச் சொல்வர். சுழலும் பிடிப்பானில் இறுக்கிய தகட்டின் மேல் முதலில் வெளிக்கோடு வெட்டப்படுகிறது. நுண்கோட்டுக்கு உள்ளங்கையால் தள்ளும் உளியும், ஆழமான வெட்டுக்குச் சிறு சுத்தியலால் தட்டும் உளியும் பயன்படுகின்றன. பின்னர் தட்டைமுனை உளியால் தரை இறக்கப்பட்டு, அதன் மேல் முனைத்தண்டால் புள்ளி புள்ளியாகக் கொத்தப்படுகிறது. மழமழப்பான இலை ஒளியைத் திருப்பியனுப்ப, கொத்திய தரை ஒளியை விழுங்குவதால், உண்மையான உயரத்தைவிடக் கூடுதலான உயரம் கண்ணுக்குத் தோன்றுகிறது.

ஆய்வில் அதிகம் ஏமாற்றாத இடம் இந்தத் தரையே. இலையின் வடிவம் நிறுவனத்தின் வழக்கத்துக்கும் வாங்குபவரின் விருப்பத்துக்கும் கட்டுப்பட்டது. புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன, மூலைகளில் உளி எங்கே திரும்பியது, தரை ஒரே ஆழத்தில் இறங்கியதா என்பவையோ செதுக்கியவரின் கைப்பழக்கத்தை மட்டுமே சார்ந்தவை. நேர் வெளிச்சத்தில் இவை தெரிவதில்லை. விளக்கைத் தகட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்க்கும்போது, இலையின் வளைவெங்கும் உளி விட்டுச்சென்ற சிறு முகப்புகள் ஒவ்வொன்றாக எழுந்துவருகின்றன.

புடைப்பு வேலையின் உச்சம் பெரும்பாலும் 'ஃபென்ஸ்' எனப்படும் பகுதியில் காணப்படுகிறது. வேலி என்று பொருள்படும் இப்பெயர், பற்றவைக்கும் இடத்தில் எழும் தீப்பொறியைச் சுடுபவரின் முகத்திலிருந்து தடுத்த பழைய அமைப்பிலிருந்து வந்தது. பிற்காலத் துப்பாக்கிகளில் அது குழல்களின் பின்முனையை ஒட்டி எழும் இரு உருண்டைத் திரட்சிகளைக் குறிக்கிறது. ஸ்டீபன் கிராண்ட் நிறுவனம் இத்திரட்சிகளில் நீள்வரிப் பள்ளங்களையும், ஜேம்ஸ் உட்வர்ட் நிறுவனம் வளைவு வரிசையையும் தம் அடையாளமாகக் கொண்டன. வேறு பல துப்பாக்கிகளில் அகாந்தஸ் இலைகள் திரட்சியைத் தழுவி ஏறுகின்றன. தட்டைத் தகட்டில் ஒரே கோணத்தில் செல்லும் உளி, உருண்டையில் ஒவ்வொரு கணமும் கோணம் மாற வேண்டியிருப்பதால், செதுக்குபவரின் தேர்ச்சியை அளக்க இதைவிடக் கடினமான இடம் துப்பாக்கியில் இல்லை என்றே கொள்ளலாம்.

செதுக்கு முடிந்தபின் அப்பகுதிகள் எலும்புக் கரியும் தோல் கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டியில் வைத்துச் செந்நிறச் சூட்டில் மணிக்கணக்கில் காய்ச்சப்பட்டு நீரில் வீழ்த்தப்படுகின்றன. கரியின் கார்பன் எஃகின் மேல்தோலில் மட்டும் ஏறி அதைக் கண்ணாடிபோல் கடினமாக்க, உள்ளே எஃகு இளகிய தன்மையுடனேயே நிற்கிறது; நீலமும் பழுப்பும் கலந்த மேக நிறங்களும் நீரில் வீழ்த்தும்போதே பிறக்கின்றன. அதன்பின் சாதாரண உளி அத்தோலில் ஏறாது. நூறாண்டுக் கைபட்டுத் தேய்ந்த இலைகளைக் கூர்மையாக்க விரும்பும் பழுதுபார்ப்பவர், எஃகை மீண்டும் காய்ச்சி இளக்கி, கோடுகளை மறுபடி வெட்டி, மீண்டும் கடினமாக்க வேண்டியிருக்கிறது. இதில் பார்வைக்குப் பொலிவு கூடுகிறது. ஆனால் முதல் கையின் உளித்தடம் அழிந்து, தரை ஒருவருடையதும் இலையோரம் மற்றொருவருடையதுமாகிய துப்பாக்கி எஞ்சுகிறது. இவ்விழப்பை ஈடுசெய்ய வழியில்லை என்பதால், தேய்மானத்தை அப்படியே விட்டுவைப்பதே மேலானது.

1813இல் நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரையும் நிறுவனத்தின் பெயரும் துப்பாக்கியில் இடம்பெற, செதுக்கியவரின் பெயர் நெடுங்காலம் இடம்பெறவில்லை. பர்டியில் பயிற்சியாளராகச் சேர்ந்து லண்டனில் ஹாரி கெல்லிடம் தொழில் கற்ற கென் ஹண்ட்டின் தலைமுறையில்தான் செதுக்குபவர் பெயர் வெளியே பேசப்படலாயிற்று. முந்தைய தலைமுறையினரை அடையாளம் காண, செதுக்கிய பள்ளங்களில் மையோ புகைக்கரியோ நிரப்பித் தாளில் ஒற்றியெடுத்த படிகள் உதவுகின்றன. கோட்டு வேலைக்கு அப்படிகள் மிகச் சிறந்த சான்று. புடைப்பு வேலையிலோ தாள் வெளிக்கோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு உயரத்தை விட்டுவிடுகிறது. எனவே இலை எவ்வளவு எழுந்தது, அதன் ஓரம் எப்படி உள்வெட்டப்பட்டது என்பவற்றுக்கு, ஒற்றிய படியை அருகில் வைத்துக்கொண்டு, துப்பாக்கியையே தாழ்ந்த விளக்கின் கீழ் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.