இரண்டு கல்யாண இசைகள்

பொல்காவும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மரும் கல்யாணங்களில் ஆடவைத்தவை. துரித நடையில் இரண்டின் தாளமும் ஏறக்குறைய ஒன்றுதான். 1830களில் பொஹீமியாவில் பிறந்த பொல்காவை யூத வாத்தியக்காரர்களும் வாசித்திருக்கிறார்கள். வேறுபாடு ஸ்வரத்தில். பொல்கா பெரும்பாலும் மேஜர் ஸ்கேலில் தடங்கலின்றி ஓடுகிறது. கிளெஸ்மரில் அடிக்கடி வரும் ஒரு ஸ்வரவரிசை நம் வகுளாபரணமேதான். கிளாரினெட் நடுநடுவே விம்முகிறது.

நஃப்துலே பிராண்ட்வைன் 1920களில் நியூயார்க்கில் பதிவு செய்த இசைத்தட்டுகளில் இந்த விம்மலைக் கேட்கிறவர்கள், அதை நாஜிப் படுகொலைகளுக்கான ஒப்பாரியாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. விம்மல் படுகொலைக்கு முந்தியது, ஆடுகிறவர்களுக்காக வாசிக்கப்பட்டது. துக்கத்தைக் கல்யாண வீட்டு வாசலில் நிறுத்திவைக்காத மனம் அது. அவர்களைச் செத்தவர்களாக மட்டுமே கேட்டால், அவர்கள் ஆடினார்கள் என்பது நம் காதில் விழாமலே போய்விடும்.