பெடலை எங்கே வைப்பது?

நான்காம் படிவம் பயிலும் என் மகன் ‘லைன் 6 எம்9’ என்னும் பழைய பெடல் ஒன்றை வாங்கி வந்துள்ளான். டிலே, ரிவெர்ப், வாவா, டிஸ்டார்ஷன் எனப் பலவும் அதனுள் அடக்கம். ஒரே வேளையில் மூன்றை இயக்கலாம். எங்கள் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பாட, அவன் கிட்டார் வாசிக்கவிருக்கிறான். பெடலை ஆம்புக்கு முன்னே வைப்பதா, ஆம்பின் பின்புறமுள்ள எஃபெக்ட்ஸ் லூப்பில் வைப்பதா என்பதே வீட்டில் இப்போதைய வழக்கு.

வாவா, டிஸ்டார்ஷன் ஆகியவற்றுக்குப் பொதுவாக முன்னிடமே பொருந்தும். டிலேயின் நிலை வேறு. மகனோ ஆம்பின் முன்பெருக்கியிலேயே ஒலியைக் கரகரக்க வைப்பவன். டிலே அதற்கு முன்னிருந்தால் எதிரொலிகளும் சேர்ந்து கரகரத்துக் குழம்பும். லூப் என்பது முன்பெருக்கிக்கும் திறன்பெருக்கிக்கும் இடைப்பட்ட வழி. அங்கு வைத்தால் கரகரத்து முடிந்த ஒலியே தெளிவாக எதிரொலிக்கும். எம்9-இல் ஒலியை நடுவே வெளியனுப்பி மீட்கும் இணைப்பு இல்லாததால், இரண்டிடத்திலும் பங்கிட்டு வைக்கவும் வழியில்லை.

“எடி வான் ஹாலன் ஃபேஸ் 90 பெடலை ஆம்புக்கு முன்னேதானே வைத்தார், அம்மா?” என்கிறான். உண்மைதான். ஆனால், ஃபேஸர் எதிரொலி எழுப்புவதில்லை. அவருக்கருகே எட்டு வயதுப் பிள்ளைகள் நின்று பாடவுமில்லை! அப்பிள்ளைகளின் நாவில் ழகரம் படிய இரண்டு மாதங்கள் ஆயின. அது இரைச்சலில் மூழ்குவதை நான் ஒப்பேன். வாவாவை இம்முறை விட்டுவிடச் சொன்னேன், அரைமனத்தோடு இசைந்தான்.

ஞாயிறன்று ஒத்திகை. லூப்புக்குப் போகவர இரண்டு நீண்ட கேபிள்கள் வாங்க வேண்டும்.