உதயகிரிக் கோட்டையில் ஒரு துப்பாக்கிப் பாடம்

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். லீவு என்று பெயர்தான். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களோடு லேப்டாப்பும் பஸ் ஏறிவிடும். இரண்டாம் உலகப்போரின் பிற்பகுதியில் ஜெர்மனி தயாரித்த 'கெவேர் 43' துப்பாக்கி பற்றி அன்று மாலைக்குள் ஒரு கட்டுரை முடிக்க வேண்டும். 'ஜெர்மன் மூளையின் அதிசயம்' என்று தலைப்புகூட வைத்துவிட்டேன்.

எட்டிப் பார்த்த மாமா சிரித்தார். "அதிசயமா? வா மக்ளே, நடந்துட்டு வருவோம்."

மாமா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். போனது புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்கு. நடந்துகொண்டே நான் படித்ததை ஒப்பித்தேன்.

குண்டு வெடிக்கும்போது உண்டாகும் வாயுவின் வேகத்திலேயே அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டாம். ஆனால், இதற்கு முந்தைய 'கெவேர் 41'-க்கு ஜெர்மன் ராணுவம் ஒரு நிபந்தனை போட்டது. வாயுவை எடுக்க பேரலில் ஓட்டை போடக் கூடாது! அதனால் பேரலின் நுனியில் ஒரு கூம்பை மாட்டி வாயுவைப் பிடித்தார்கள். அங்கே கரி படிந்து அடிக்கடி மக்கர் செய்தது. முன்பக்கமும் கனம். மொத்த எடை சுமார் 5 கிலோ.

"புட்டுக்குழல் வாயில கையை வெச்சு ஆவியைப் பிடிச்ச கதைதான்" என்றார் மாமா. "பொறவு?"

1941-ல் ஜெர்மனி சோவியத் மீது படையெடுத்தது. அங்கே கைப்பற்றிய 'எஸ்.வி.டி 40' துப்பாக்கிகளில், பேரலிலேயே சின்ன ஓட்டை. அதன் வழியே வரும் வாயு, மேலே இருந்த பிஸ்டனைத் தள்ளியது. வால்தர் நிறுவனம் அந்த முறையை எடுத்துக்கொண்டது. 1943-ல் வந்தது புதிய துப்பாக்கி. எடை சுமார் 4.4 கிலோ. 10 தோட்டாக்கள் கொண்ட மேகஸினைக் கழற்றி மாட்டலாம். டெலஸ்கோப் பொருத்தவும் இடம் இருந்தது. சுமார் 4 லட்சம் துப்பாக்கிகள் தயாரானாலும், ஹிட்லரின் தோல்வி மாறவில்லை.

"அப்போ அதிசயம் யாரு மூளை?" என்றார் மாமா. நான் பதில் சொல்லவில்லை.

கோட்டைக்குள் டிலனாய் கல்லறை முன்னால் நின்றோம். 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி. அவரையே வைத்துத் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார் மன்னர். இதே கோட்டையில் பீரங்கிகள் வார்க்கப்பட்டன. 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, 1777-ல் இங்கேயே இறந்தார்.

"எதிரிகிட்ட நல்லது இருந்தா படிச்சுக்கிடணும், கேட்டியா? அதைத் தள்ளிப்போட்டா, விலை கொடுக்கிறது மேசையில இருக்கிறவன் இல்ல."

மாமா யாரைச் சொல்கிறார் என்று புரிந்தது. தாத்தா 1962 சீனப் போருக்குப் போனவர். கையில் பழைய .303. பனியில் விறைத்த விரலால் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுக்க வேண்டும். எதிரில் பலரிடம் தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கி. அந்தப் போருக்குப் பிறகுதான் நம் ராணுவத்தில் எஸ்.எல்.ஆர் பரவலானது. மாமா தூக்கியது அதைத்தான். தாத்தா திரும்பி வந்தபோது வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போயிருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து முதலில் தலைப்பை அழித்தேன். 'பேரலில் ஒரு சின்ன ஓட்டை' என்று அடித்தேன்.

கட்டுரைக்குப் பெரிய வியூஸ் வரவில்லை. மாமா மட்டும் இரண்டு முறை படித்ததாக அத்தை சொன்னார்.