ஆச்சியின் ஓடம்

பாளையங்கோட்டையில் நமது வீட்டுத் திண்ணையிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் ஓடம் புறப்படும். ஓட்டுகிறவர் நமது தாயார், வயது 78. தாமிரபரணி அவர் கையிலுள்ள செல்போனுக்குள் ஓடுகிறது.

நமது சகோதரியின் குமாரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். பகலெல்லாம் கம்பெனிக்கு உழைத்துவிட்டு, இரவில் தன்னந்தனியாக உட்கார்ந்து வீடியோ கேம் செய்கிறான். அதுவும் எப்படி? 1980-ஆம் வருஷத்தில் காசு போட்டு ஆடிய பெட்டிகளைப் போல, சதுரம் சதுரமான சித்திரங்களும் 'டிங் டிங்' என்ற சங்கீதமுமாக! புத்தம் புதிய வஸ்துவைப் பழசாகக் காட்ட இத்தனை பிரயாசை எதற்கு என்று கேட்டோம். "மாமா, நீங்க மட்டும் இன்னும் பித்தளை பில்டர்லதானே காப்பி போடுதீங்க?" என்றான். நாம் மேற்கொண்டு பேசவில்லை.

ஓடம் பாபநாசத்தில் கிளம்புகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று நதியில் உள்ள எட்டு அணைக்கட்டுகளும் எட்டுக் கட்டங்கள். மிதந்து வரும் கட்டைகளுக்கும் அமலைச் செடிகளுக்கும் இடையே புகுந்து மதகைப் பிடிக்க வேண்டும். ஓடம் மதகுக்குள் எப்படி நுழையும் என்று பொதுப்பணித் துறையார் கேட்கக் கூடாது.

தகப்பனார் காலமான பிறகு தாயார் திண்ணைக்கே வருவதில்லை. இந்த ஓடத்துக்காகத்தான் மறுபடி வந்து உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்ததும் பேரனைப் போனில் கூப்பிட்டு, "இன்னைக்கு அரியநாயகிபுரம்லே" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் அரைமணி நேரம் பேச்சு வளரும்.

சென்ற வருஷம் விளையாட்டைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. கூகிள் கடையில் உள்ள செயலிகளை, ஆண்டுதோறும் உயரும் ஆண்ட்ராய்டு வரம்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டே வரவேண்டுமாம். இல்லாவிட்டால் புதிதாகப் போன் வாங்குகிறவர்கள் கண்ணில் அவை படாது. பையன் இரண்டு மாதம் தூக்கம் கெட்டு மாற்றினான். அதோடு, வெகுநாளாக அவனை உறுத்திய ஒரு பிழையையும் களைந்தான். வினாடிக்கு 60 தடவை சித்திரம் வரைய வேண்டிய போன், திரையில் கட்டைகள் பெருகினால் மூச்சு வாங்கி 30 தடவைதான் வரையும். ஒவ்வொரு சித்திரத்துக்கும் ஆறு ஒரு படி நகர்வதாக எழுதியிருந்தபடியால், அப்போது ஆறும் பாதி வேகத்தில் போகும். இப்போது ஓட்டத்தைக் கடிகாரக் கணக்குக்கு மாற்றிவிட்டான். நெரிசலிலும் தண்ணீர் ஒரே சீராகப் பாய்ந்தது.

அன்று தாயார் நதியுண்ணியைத் தாண்டவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஆறு மணிக்குத் திண்ணையில் ஒருவரையும் காணோம். பேரனே போன் செய்தான். நாம் பக்கத்தில் இருந்தோம்.

"ஏன் ஆச்சி, ஆடலையா? முன்னால நெரிசல்ல ஆறு தேங்கித் தேங்கிப் போகும்லா, அந்தப் பிழையைச் சரி பண்ணிட்டேன்."

"பிழையாலே அது?" என்றார் தாயார். "கூட்டம் வந்தா ஆச்சிக்குக் கை ஓடாதுன்னு நீதான் மெதுவா வச்சிருக்கேன்னுல்லா நினைச்சிருந்தேன்."

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை.

இந்த மாதிரி விபத்து விளையாட்டுகளுக்குப் புதிதல்ல. 1978-இல் ஜப்பானில் டைட்டோ கம்பெனியின் டொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். வரிசைக்குப் 11 வீதம் 5 வரிசை, ஆக 55 பகைவர்கள். அந்தக் காலத்துச் சில்லுக்கு அத்தனை பேரையும் ஒரே சமயத்தில் நகர்த்தச் சக்தி போதவில்லை. ஆட்கள் சாகச் சாக அதன் பாரம் குறைந்து, மிஞ்சியவர்கள் விரைந்து வந்தார்கள். நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். ஆடுகிறவன் நெஞ்சு படபடத்ததே அந்த வேகத்தினால்தான்.

பையனுக்கு இந்தக் கதை நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் தன் விஷயத்தில் கோட்டை விட்டான். அவனைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. பிழை என்று தெரிந்தபின் விட்டுவைக்க எந்தத் தொழிலாளிக்குக் கை வரும்?

பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. ஆகையால், முன்பு போன் தவறிச் செய்ததை இவன் வேண்டுமென்றே எழுதினான். திரையில் பன்னிரண்டு பொருள்களுக்கு மேல் சேர்ந்தால் ஆறு பாதி வேகம். குறைந்தால் பழைய வேகம். எழுதி முடிக்க ஒரு மணி நேரங்கூட ஆகவில்லையாம். ஆனால் அது பழைய தயக்கம் போலவே தோன்ற வேண்டுமே! அதற்குப் பத்து நாள் பிடித்தது. தினம் ஒரு பதிப்பு திண்ணைக்கு வரும். "இது வண்டி பிரேக் போட்ட மாதிரி இருக்கு" என்று தாயார் திருப்பி அனுப்புவார்.

பதினோராம் நாள் ஓடம் மருதூரைக் கடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் கட்டையில் மோதிக் கவிழ்ந்தது. கடைசிக் கட்டத்தில் நெரிசல் அதிகம். அங்கே இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கட்டுமா என்று பேரன் கேட்டான்.

தாயார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம்லே. அங்க மட்டும் அப்படியே இருக்கட்டும். அதை நான் பாத்துக்கிடுதேன்."