பழைய சாண்ட்விச் மேக்கர் எடுக்க முன்



பின்னேர வகுப்புக்கு நிற்கும் சாதாரண தரப் பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள் என்று, பாவித்த சாண்ட்விச் மேக்கர் ஒன்று எடுக்க ஆசிரியர்கள் நாங்கள் காசு சேர்த்தோம். பாணும் டின் மீனும் இருந்தால் பிள்ளைகளே சுட்டுக்கொள்வார்கள். பிள்ளைகளின் கை படும் சாமான் என்பதால் விலையைக் கடைசியாகத்தான் கேட்டோம். நாங்கள் பார்த்த விஷயங்கள் உங்களுக்கும் உதவும்.

முதலாவது, அடியில் உள்ள லேபல். எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். சவூதியில் முன்பு பல வீடுகளில் 127 வோல்ட் இருந்தது. அந்தக் காலத்துச் சாமான் உங்கள் கைக்கும் வரலாம். அதை இங்கே போட்டால் சூடு மூன்று மடங்குக்கு மேல் போகும். ப்ளக்கை மாற்றினால் வோல்ட்டேஜ் மாறாது.

இரண்டாவது, ஏர்த். தட்டு உலோகம். அதனால் மூன்று முள் ப்ளக்கும் உள்ளே மூன்று கம்பியும் கட்டாயம். நாங்கள் பார்த்த ஒன்றில் ப்ளக்கை வெட்டி இரண்டு முள் போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டோம்.

"ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது சேர், இப்ப விழுறதில்ல."

கசியும் கரண்ட் ஏர்த் வழியே போனதால்தான் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. ஏர்த்தைக் கழற்றினால் கசிவு நிற்காது, தொடுபவரின் உடம்பு அதற்கு வழியாகிவிடும். பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். வைத்துவிட்டு வந்தோம்.

மூன்றாவது, பிணைச்சலும் பூச்சும். மூடியைத் திறந்து மூடும் இடத்தில் வயர் மடிந்து வெடித்திருக்கிறதா பாருங்கள். ஒட்டாத பூச்சு உரிந்திருந்தால் எடுக்க வேண்டாம். முன்பு அதில் என்ன இறைச்சி சுட்டார்கள் என்றும் கேளுங்கள், வெட்கப்படத் தேவையில்லை.

கடைசியாக, இரண்டு துண்டு பாண் கொண்டு போய்க் கடையிலேயே சுட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சிவக்க வேண்டும். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் தானாகக் கரண்டை நிறுத்த வேண்டும், லைட்டைப் பார்த்தால் தெரியும். நாங்கள் நான்காவதாகப் பார்த்தது இதில் எல்லாம் தேறியது. கொஞ்சம் அழுக்கு, அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு வேண்டுகோள். வீட்டில் ட்ரிப் சுவிட்சை விழுத்தும் சாமானை, "பாவம், பாவிக்கட்டும்" என்று இல்லாத வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். அந்த வீட்டில் ட்ரிப் சுவிட்சே இல்லாமல் இருக்கலாம். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.