முதலில் அந்த எண்ணெயை நிறுத்து

அன்புள்ள தம்பி சேகருக்கு,

உன் பிள்ளை கதிரின் எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், காரியம் நடக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

முழங்காலுக்கு மேலே வீக்கம் என்றதும் அம்மா யாரையோ கூட்டிவந்து எண்ணெய் போட்டு நீவச் சொன்னாளாமே, நீயும் பார்த்துக்கொண்டு நின்றாயா? சுளுக்குக்கு நீவலாம். கட்டியை நீவக் கூடாதுடா. புத்தூர் கட்டு பேச்சையும் விடு. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், திட்டு எனக்கே விழட்டும்.

பக்கத்து கிளினிக்கில் சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றால் தலையாட்டாதே. ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் காட்டுகிற இடத்தில்தான் பயாப்ஸி ஊசி போக வேண்டும். பிறகு அந்தத் தடத்தையும் சேர்த்துத்தான் வெட்டுவார்கள். கண்ட இடத்தில் குத்தினால், காப்பாற்றக்கூடிய காலும் சிக்கலாகிவிடும்.

காலையே எடுத்துவிடுவார்களோ என்றுதானே தூங்காமல் கிடக்கிறாய்? நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரும்பாலும் அப்படித்தான் எடுத்தார்கள். அப்புறம் எக்ஸ்ரேயில் அளவெடுத்து, அந்தந்தப் பிள்ளைக்கென்றே உலோகத்தில் செயற்கை மூட்டு செய்து வாங்கினார்கள். அது வந்து சேரவே வாரக்கணக்காகும். இப்போது பல அளவுத் துண்டுகளாக வருகிறது. வெட்டிய எலும்பின் நீளத்துக்கு மேஜையிலேயே பூட்டி, காம்பை மிச்ச எலும்பின் குழிக்குள் இறக்கிவிடலாம். பிடிப்புக்குப் பல சமயம் எலும்பு சிமென்ட் வைப்பார்கள். எத்தனை தடவை பிசைந்து கொடுத்திருக்கிறேன்! மூக்கில் ஏறும் நெடி, கையுறைக்குள் கொதிக்கிற சூடு, கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். மூட்டு கதவுக் கீல் மாதிரி மடங்கும். வளர்கிற பிள்ளைகளுக்குப் பிறகு நீட்டிக்கொள்கிற வகையும் உண்டு, கதிருக்கு அது தேவையா என்று டாக்டரிடம் கேள்.

கட்டி கெட்டது என்றே வந்தாலும் பெரும்பாலும் கீமோதான் முதலில், ஆபரேஷன் பிறகு. எனக்குப் பயம் உலோகத்தின் மேல் இல்லை, கிருமி தொற்றுவதில்தான். ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது, சில சமயம் போட்டதையே கழற்ற வேண்டிவரும். காய்ச்சலோ, புண்ணில் கசிவோ வந்தால் நீயாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதே.

பணத்துக்காக வீட்டுப் பத்திரத்தைத் தூக்காதே. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் இம்ப்ளாண்ட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது, கட்டிக்குப் போடுவதும் அதில் அடக்கம். பில்லில் அதன் விலையைத் தனியாகக் காட்டச் சொல். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் தேடி எடு.

ஃபுட்பாலை மட்டும் அவன் மறந்துவிட வேண்டியதுதான். அதை நீ சொல்லாதே, உனக்குப் பாதியிலேயே தொண்டை அடைத்துவிடும். என் மருமகனிடம் நானே சொல்கிறேன். சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன், ஸ்கேன் சிடி, ஃபிலிம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை.

அன்புடன்,
அக்கா