புது பைப்பைப் பழக்குவது: யார் யாரைப் பழக்குகிறார்கள்?

1/
எங்க கோவில்பட்டிப் பக்கம் புகையிலைன்னா பீடி, சுருட்டு, கன்னத்துல அதக்குற புகையிலை. பழைய சினிமா பணக்கார அப்பாக்கள் கையில் இருக்குமே அந்த பைப், இங்கே அபூர்வம். ஆனாலும் இந்த இழை பைப் பற்றித்தான். ஏன்னா, "உள்ள இழுக்காம வாயோட விட்டா ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை பைப்போடு நிற்பதில்லை. சுருட்டுக்கும் அதே கதைதான்.

2/
அண்ணாச்சி ஒருவர். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊரில் இருப்பவர். 30 வருஷ பீடி. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவரின் சட்டைப் பையில் பளபளன்னு ஒரு பைப். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதாம். "பீடியை விட்டுட்டேன் டாக்டர். மூணு மாசமா இதான். இப்பத்தான் பழக்கிக்கிட்டு இருக்கேன்" என்றார் பெருமையாக.

3/
அது பிரையர் மரம். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் வேர்முண்டு. நம்ம கரிசல் மாதிரியே காய்ஞ்ச பூமியில் வளர்கிற செடி. முண்டை வெட்டி, வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் குடைவார்கள். சூட்டைத் தாங்கும், ஈரத்தை உறிஞ்சும். பைப்புக்கு இதைத் தேடுவது அதனால்தான்.

4/
ஆனால் புதுசை அப்படியே நிரப்பிப் பற்றவைக்கக் கூடாதாம். முதல் சில தடவை மூன்றில் ஒரு பங்கு புகையிலை. பிறகு பாதி. அப்புறம்தான் முழுசு. அவசரப்பட்டு இழுத்தால் மரமே கருகி ஓட்டை விழும். மெதுவாக இழுத்தால் உள்சுவரில் கரி படியும். ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் அளவு கரி நின்றதும் பைப் 'பழகிவிட்டது'. ஒரு தடவை குடித்தால் ஒரு நாள் ஓய்வு வேறு.

5/
லைட்டர் ஆகாதாம், ருசி கெட்டுவிடுமாம். "நம்ம ஊர் தீப்பெட்டிதான் டாக்டர். குச்சி மருந்து எரிஞ்சு முடியட்டும்னு ஒரு நொடி விட்டுட்டுப் பத்தவைக்கணும்." பைப் அணைந்து அணைந்து போகும். ஒரு தடவைக்கு அஞ்சாறு குச்சி. 2021 டிசம்பரில் தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனதைக்கூட மறக்காமல் சொன்னார். தீப்பெட்டி ஊர்க்காரர் இல்லையா!

6/
கேட்கக் கேட்க எனக்கு இது நம்ம வீட்டு வேலை மாதிரியே இருந்தது. புது மண்பானையை ஊறப்போட்டு, கழுநீர் காய்ச்சிப் பழக்குவோம். புது தோசைக்கல்லில் எண்ணெய் தடவி வெங்காயத்தால் தேய்ப்போம். இளங்காளையை ஏருக்குப் பழக்க முதலில் வெறும் நுகத்தடி, பிறகுதான் கலப்பை. பழக்குவது, பழக்கம். ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்.

7/
"வாயைத் திறங்க அண்ணாச்சி" என்று டார்ச் அடித்தேன். மேலண்ணம் வெளுத்துத் தடித்திருந்தது. நடுநடுவே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். சூட்டில் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் வீங்கி இப்படித் தெரியும். 'நிக்கோட்டின் ஸ்டோமடைட்டிஸ்' என்போம். பைப் குடிப்பவர்களிடம் அதிகம் பார்க்கிற விஷயம். பைப்புக்கு உள்ளே கரி. அவருக்கு உள்ளே இந்தத் தடிப்பு. சூட்டைத் தாங்க ரெண்டுமே தோல் போர்த்திக்கொண்டிருந்தன.

8/
மேலண்ணத்தைப் பார்த்து நான் பயப்படவில்லை. விட்டால் அது பெரும்பாலும் சரியாகிவிடும். பயந்தது இடது கன்னத்தில், உதட்டு ஓரத்தில் இருந்த வெள்ளைத் திட்டைப் பார்த்துத்தான். துடைத்தால் போகவில்லை. அது பீடிக் காலத்துச் சொத்து.

9/
"நான்தான் உள்ள இழுக்குறதே இல்லையே!"

சிகரெட் புகையில் அமிலத்தன்மை கூடுதல். நிக்கோட்டின் ரத்தத்தில் ஏற நுரையீரல் வரை போகணும். பைப், சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. வாய்ச்சதை வழியாகவே நிக்கோட்டின் ஏறிவிடும். உள்ள இழுக்காததால் நுரையீரலுக்குக் கொஞ்சம் குறையலாம். வாய் தப்பிக்காது. அதோடு, பல வருஷம் பீடி இழுத்தவர் தன்னை அறியாமலே பைப்பையும் இழுப்பார்.

10/
இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பைப் குடிப்பவர்களுக்கு உதட்டில் புற்றுநோய் வருகிறது என்று ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795லேயே எழுதினார். 1964ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை அதை உறுதி செய்தது. நம்ம பக்கத்திலேயே, ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கடற்கரையில், சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு. அங்கே மேலண்ணத்திலேயே புற்றுநோய் வரும்.

11/
அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இத்தன நாள் பழக்குனது வீணா?" என்றார்.

"வீணில்ல. ஒரு மரக்கட்டைக்கு இம்புட்டுப் பொறுமை காட்டுனீங்கள்ல, அதை உங்க வாய்க்குக் காட்டுங்க" என்றேன். விடும்போது முதல் வாரம்தான் கொடுமை. எரிச்சல், தூக்கமின்மை, பசி. ரெண்டு முதல் நாலு வாரத்தில் தணியும். 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தேன். அதைச் சாதா சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. கொஞ்சம் மென்று, கன்னத்தில் ஒதுக்கி, மறுபடி மெல்லணும். "அட, இதையும் பழக்கணுமா!" என்று சிரித்தார்.

12/
கன்னத்துத் திட்டிலிருந்து சதை எடுத்துச் சோதித்தோம். புற்றுநோய் இல்லை, ஆனால் செல்கள் மாற ஆரம்பித்திருந்தன. இப்போது பைப் அலமாரியில். மேலண்ணம் சில வாரங்களில் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. கன்னத்துத் திட்டு சுருங்கியிருக்கிறது, முழுசாகப் போகவில்லை. மூணு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டுகிறார். இனி எப்போதும் காட்டணும்.

13/
நீங்களும் மாசம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். ரெண்டு வாரமாக ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுசாகத் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி. ஏதாவது ஒன்று இருந்தாலும் டாக்டரிடமோ பல் டாக்டரிடமோ போங்கள். வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க. ஆரம்பத்தில் வலிக்காது.

14/
விட நினைப்பவர்களுக்கு அரசின் இலவச உதவி எண்: 1800-11-2356. வீட்டில் "நான் இழுக்குறதே இல்ல, வாயோட சரி" என்று சொல்லும் பெரியவர் யாராவது இருந்தால், 9ஆம் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். திட்டாமல்.